இருபது இலக்கமும் ஒரு சிவப்பு விளக்கும்

“தண்ணி இல்லாம இருக்க முடியாது, கரண்ட் இல்லாம இருக்க முடியாது. இன்டர்நெட் இல்லாட்டி யாரும் செத்துட மாட்டாங்க.” தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் ஃபைபர் இன்டர்நெட் பில் பற்றிப் பேச்சு வந்தால் தாத்தாவோ ஆயாவோ யாராவது ஒருவர் வாயில் இந்த வாக்கியம் வந்தே தீரும். ஆங்கிலத்தில் வரும், தமிழில் வரும், பாதிக்குப் பாதி கலந்தும் வரும். கேட்டவுடன் தலையாட்டத் தோன்றும், ஏனென்றால் அதில் பொய் இல்லை. 1960களில் நிறவெறி அரசால் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்து அனுப்பப்பட்ட தலைமுறைக்குத் தண்ணீரும் வெளிச்சமும் வாசல் வரை வருவதற்கு என்ன பாடு என்று தெரியும். அவர்கள் கண்ணுக்கு வைஃபை பெட்டி டிவிக்குப் பக்கத்தில் மினுக்கும் இன்னொரு விளையாட்டுச் சாமான்தான். இருந்தாலும் அந்த வாக்கியம் முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. தப்பு எங்கே என்று தேடிப் பார்த்தால் “இன்டர்நெட்” என்ற சொல்லில் இல்லை, “இல்லாட்டி” என்ற சொல்லில் இருக்கிறது. இல்லாவிட்டால் எந்த வழியாகப் போவது? அந்த வழி இன்னும் திறந்திருக்கிறதா?

பல வழிகள் சத்தமில்லாமல் அடைபட்டுவிட்டன. தென்னாப்பிரிக்க வங்கிகள் 2020 டிசம்பர் 31-ஓடு காசோலையை நிறுத்திவிட்டன. கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்துப் பழகிய கோயில் கமிட்டிப் பொருளாளர்கள் ஒரே ராத்திரியில் செயலிக்கு மாற வேண்டியதாயிற்று. 2020 மே மாதம் 350 ரேண்டில் தொடங்கி, பிறகு 370 ஆக்கப்பட்ட வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு ஆரம்பம் முதலே மனு போனிலோ இணையத்திலோதான். க்வாசுலு-நட்டால் பல்கலைக்கழக இடங்களுக்கு மெட்ரிக் பிள்ளைகள் விண்ணப்பிக்கும் மத்திய அலுவலகத்துக்கும் திரை வழியாகத்தான் போகிறோம். உள்துறை அலுவலகத்தில் ஐடி கார்டுக்கு நிற்பவர்களில் இணையத்தில் முன்பதிவு செய்தவருக்குத் தனி வரிசை; செய்யாதவர் விடியற்காலையிலேயே போய் நிற்க வேண்டும். ஒரு வசதி எப்போது அத்தியாவசியம் ஆகிறது என்று கேட்டால், பழைய கவுன்டர் மூடும்போது என்றுதான் சொல்வேன். இணையத்தில் என்னென்ன பார்க்கலாம் என்ற பட்டியலை வைத்து இதை வாதாடுவது வீண். படம் பார்க்காமல் இருக்கலாம். கவுன்டர்கள் மூடிய ஊரில், மிச்சமிருக்கும் ஒரே தெருவும் இல்லாமல் இருக்க முடியாது.

அரசாங்கக் கணக்கில் இது இன்னும் ஏறவில்லை. இலவச அடிப்படைத் தண்ணீர் என்று வீட்டுக்கு மாதம் 6 கிலோலிட்டர், ஏழை வீடுகளுக்கு அடிப்படை மின்சாரம் 50 யூனிட் என்று தேசிய அளவுகோல் இருக்கிறது. இணையத்துக்கு அப்படி ஒரு இலக்கம் கிடையாது. ஃபின்லாந்து 2010 ஜூலை 1 அன்றே ஒவ்வொரு வீட்டுக்கும் நொடிக்கு 1 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேக இணைப்பு சட்டப்படி உரிமை என்று ஆக்கிவிட்டது. இன்று அந்த 1 எம்பிபிஎஸ்ஸைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் வேகத்துக்கு முன்னால் அவர்கள் சொன்னது “ஒவ்வொரு வீட்டுக்கும்” என்பதை.

மீட்டர் பூஜ்யம் ஆகும் ராத்திரி

தாத்தாக்களின் வாக்கியத்தை உடைப்பது இணையத்தின் பெருமைகள் எதுவும் இல்லை. சமையலறைச் சுவரில் இருக்கும் ப்ரீபெய்டு மீட்டர்தான் உடைக்கிறது. தண்ணீர், கரண்ட், இன்டர்நெட் என்று மூன்றையும் தனித்தனி டப்பாவில் போட்டுப் பேசுகிறோம். மீட்டர் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரில் யூனிட் தீர்ந்து வீடு இருண்டுவிடுகிறது. வேண்டியது ஒரு டோக்கன்: இருபது இலக்கம், கீபேடில் அடித்தால் வெளிச்சம். அந்த இருபது இலக்கத்தை விற்கும் டக் ஷாப் எட்டு மணிக்கே கம்பிக் கதவைப் பூட்டிவிட்டது. பெட்ரோல் கராஜ் மலைக்கு அந்தப் பக்கம். ராத்திரியில் கார் இல்லாத வீட்டுக்கு அது வேறு ஊர். மிச்சம் வங்கிச் செயலி. செயலிக்கு இணையம் வேண்டும். வீட்டு வைஃபை, கரண்ட் போனதோடு போயிற்று. போனில் டேட்டா பூஜ்யம், ஏனென்றால் வீட்டில் வைஃபை இருக்கிறதே என்று யாரும் வாங்கி வைக்கவில்லை. கரண்ட் வாங்க இணையம் வேண்டும், இணையம் வர கரண்ட் வேண்டும். ஃப்ரிட்ஜில் இன்சுலின் இருக்கும் வீட்டில் இதை யாரும் விளையாட்டு என்று சொல்ல மாட்டார்கள்.

இந்த முடிச்சை அவிழ்க்க வழி இருக்கிறது; எல்லாமே முன்னாலேயே செய்து வைக்க வேண்டியவை. சில வங்கிச் செயலிகளுக்கு மொபைல் நிறுவனங்கள் டேட்டா கழிப்பதில்லை. உங்கள் வங்கி அதில் சேர்த்தியா என்று வெளிச்சம் இருக்கும்போதே, வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். நட்சத்திரக் குறியில் தொடங்கும் எண்ணை அடித்து வாங்கும் வழிக்கு டேட்டாவே வேண்டாம். ஆனால் அதற்கும் மீட்டர் எண்ணை முன்பே பதிவு செய்திருக்க வேண்டும், கொஞ்சம் ஏர்டைமும் வேண்டும். இன்னொன்று, கையிருப்பு டோக்கன்: ஐம்பது ரேண்டுக்கு ஒன்று வாங்கி, மீட்டரில் போடாமல், இருபது இலக்கத்தையும் காகிதத்தில் எழுதி ஒட்டி வைப்பது. மாதக்கணக்கில் அப்படியே விடக் கூடாது. ஒவ்வொரு டோக்கனுக்குள்ளும் அது வழங்கப்பட்ட நேரம் ஒளிந்திருக்கிறது, மீட்டர் கடைசியாக வாங்கிய டோக்கன்களை நினைவில் வைத்திருக்கிறது. பின்னால் வந்தவை பலவற்றைப் போட்டுவிட்டுப் பழையதை அடித்தால் ஏற்காமல் போகலாம். அடுத்த முறை கரண்ட் வாங்கும்போது ஒட்டி வைத்ததை மீட்டரில் போட்டுவிட்டு, புதிதாக வாங்கியதை ஒட்டி வைத்தால் போதும்.

அந்த ஒளிந்திருக்கும் நேரத்தால்தான் நாடு முழுக்க 2024-இல் ஒரு கூத்து நடந்தது. டோக்கனுக்குள் இருந்த நேரம் 1993 ஜனவரி 1-இலிருந்து நிமிடக் கணக்காக எண்ணப்பட்டது. எண்ணுவதற்கு இருந்தது 24 பிட் இடம். கணக்குப் போட்டால் 1,67,77,216 நிமிடம். அது தீரும் நாள் 2024 நவம்பர் 24. அதற்குள் ஒவ்வொரு மீட்டரிலும் இரண்டு இருபது இலக்கச் சாவிகளை வரிசையாக அடித்து, அதன் பிறகே வாங்கிய டோக்கனை அடிக்க வேண்டியிருந்தது. மொத்தம் அறுபது இலக்கம், டார்ச் வெளிச்சத்தில், மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு. ஒரு இலக்கம் மாறினாலும் அந்த இருபதும் மறுபடி. சாவி மாற்றத்துக்கு முன்னால் வாங்கி ஒட்டி வைத்திருந்த டோக்கன்கள் அதன் பிறகு செல்லாக்காசு. எப்படிச் செய்வது என்ற விளக்கமெல்லாம் வீடுகளுக்குப் பெரும்பாலும் வாட்ஸ்ஆப்பில்தான் வந்து சேர்ந்தது. கரண்டே இணையத்தின் முதுகில் ஏறி வரும் காலத்தில், கரண்ட் அத்தியாவசியம், இணையம் ஆடம்பரம் என்று எப்படிப் பிரிப்பது?

8800 என்ற எண்ணின் ஏமாற்று

முறை வைத்துக் கரண்ட்டை நிறுத்தும் லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்த 2023-இல் வைஃபைக்கு ஒரு சின்ன பேட்டரிப் பெட்டி வாங்காத வீடு குறைவு. பெட்டியின் மேல் 8800 எம்ஏஎச் (மில்லியாம்பியர்-மணி) என்று பெரிதாக எழுதியிருக்கும். இரண்டு மணி நேரம் தாங்கும் என்றுதான் விற்றார்கள். சரியாக ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வகுப்பு நடுவில் செத்துப்போகும். போலிச் சரக்கு என்று வைவார்கள். சரக்கு போலியாகவே இல்லாவிட்டாலும் கணக்கு அப்படித்தான் வரும். 8800 என்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டில் சொன்ன எண். பெருக்கினால் சுமார் 32.5 வாட்-மணி. ரூட்டருக்கு 12 வோல்ட் வேண்டும் என்பதால் மாற்றும்போது கொஞ்சம் சூடாகப் போய்விடும். கைக்கு வருவது 27, 28. சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டி ஐந்தாறு வாட், ரூட்டர் ஒன்பது பத்து வாட், ஆக 15. வகுத்துப் பாருங்கள், இரண்டு மணி நேரம் வராது. லோட் ஷெட்டிங் நேரமோ இரண்டு மணி, திரும்ப இணைக்க இன்னும் அரை மணி. 20,000 எம்ஏஎச் பெட்டி என்றால் நான்கு மணி நேரம் ஓடும். ஆகவே கடைக்காரரிடம் எம்ஏஎச் கேட்பதை விட வாட்-மணி எவ்வளவு என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம். பெட்டியின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

கம்ப்யூட்டருக்கென்று இருந்த பழைய யூபிஎஸ்ஸில் ரூட்டரைச் செருகியவர்களுக்கு வேறு கதை. அதனுள் இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி. காகிதத்தில் 84 வாட்-மணி, ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் சுருங்கும். அதோடு 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றி, ரூட்டர் அடாப்டர் மறுபடி 12-க்கு இறக்குவதில் இரண்டு முறை நஷ்டம். லோட் ஷெட்டிங் கடுமையான ஸ்டேஜ் 6-இல் ஒரு நாளைக்கு மூன்று முறை கரண்ட் போன மாதங்களில் அதற்கு முழுதாகச் சார்ஜ் ஏற நேரமே கிடைக்கவில்லை. ஆறு மாதத்தில் வயிறு உப்பிச் செத்தன. டவர் பேட்டரிகளுக்கும் இதே வியாதிதான், கூடவே திருட்டு. ஃபைபர் போனால் போன் டேட்டா இருக்கிறது என்று நம்பியவர்கள் ஏமாந்தது அங்கேதான். இருட்டில் தெருவே டவரைத் தேடி ஓடும்போது, டவரே பேட்டரியின் கடைசி மூச்சில் இருக்கும்.

இன்னொரு சில்லறை விஷயம், ஆனால் இதில்தான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள்: செருகி. வெளியே பார்த்தால் எல்லாம் 5.5 மில்லிமீட்டர் வட்டம். நடு ஓட்டை 2.1-உம் உண்டு, 2.5-உம் உண்டு. 2.1 ஊசி இருக்கும் ரூட்டரில் 2.5 செருகியைப் போட்டால் நுழையும், ஆனால் தளர்வாக ஆடும். பூனை பக்கத்தில் போனாலே ரூட்டர் அணைந்து எழும். லைன் கெட்டிருக்கிறது என்று புகார் கொடுத்துவிட்டு மூன்று நாள் காத்திருப்பார்கள். பெட்டியில் 9 வோல்ட் ஓட்டை ஒன்றும் 12 வோல்ட் ஓட்டை ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். 12 வேண்டிய ரூட்டரை 9-இல் செருகினால் விளக்கு எரியும், இணையம் அரைகுறையாகத் தள்ளாடும்.

2024 மார்ச் 26-க்குப் பிறகு பத்து மாதம் லோட் ஷெட்டிங் இல்லை. எல்லாரும் மறந்துபோன நேரத்தில், 2025 ஜனவரி 31 அன்று திடீரென்று திரும்பியது. அந்த மாலை பல வீடுகளில் மேசை டிராயரிலிருந்து எடுத்த பேட்டரிப் பெட்டி இருபது நிமிடம்கூட ஓடவில்லை. லித்தியம் செல் சும்மா கிடந்தாலும் தானாகவே வடியும், அடிவரை வடிந்தபடி மாதக்கணக்கில் கிடந்தால் மீளாது. அதை லைனிலேயே மாட்டி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவர்ச் செருகியைப் பிடுங்கி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. வாங்கியபோது நான்கு மணி, இப்போது இரண்டரை என்றால் மாற்றும் காலம் நெருங்குகிறது. கரண்ட் திரும்பும் நொடியில் வரும் எகிறல்தான் அடாப்டரைச் சுட்டுத் தின்னும். சர்ஜ் பிளக் ஒன்றுக்குச் செலவழிக்கத் தயங்க வேண்டாம்.

தெருவில் ஓடும் வெளிச்சம்

ஃபைபருக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது, அதை விற்பவர்கள்கூடச் சரியாகச் சொல்வதில்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீட்டுச் சுவர் வரை வழியில் எங்கும் கரண்ட் தேவையில்லை. ஒரு கண்ணாடி இழையில் வரும் வெளிச்சத்தைத் தெருமுனையில் ஒரு பிரிப்பான் 32 அல்லது 64 வீட்டுக்குப் பங்கு போடுகிறது. அது வெறும் கண்ணாடி, மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை, திருடினால் விலையும் போகாது. பழைய செம்புக் கம்பி போன் லைன்களைத் திருடர்கள் கொண்டுபோன கதை எல்லாருக்கும் தெரியும். ஆக, எக்ஸ்சேஞ்சில் ஜெனரேட்டரும் உங்கள் வீட்டில் பேட்டரியும் இருந்தால், நடுவில் ஊரே இருண்டு கிடந்தாலும் லைன் உயிரோடு இருக்கும். தண்ணீர்க் குழாய்க்குக்கூட இந்தத் தைரியம் கிடையாது. மேட்டில் இருக்கும் வீடுகளுக்குப் பம்ப் ஓட வேண்டும்.

பிறகு ஏன் போகிறது? சுவர்ப் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். ரூட்டரை எத்தனை முறை அணைத்து ஏற்றினாலும் அது மாறாது. அதே நேரத்தில், சிவப்பு இல்லாமல் பான் என்ற பச்சை விளக்கு நிலையாக எரிந்து இணையம் மட்டும் இல்லையென்றால் குறை ரூட்டரிலோ கணக்கிலோ சேவை நிறுவனத்திலோ இருக்கும். இழை போட்ட நிறுவனம் வேறு, மாதாமாதம் பில் வாங்கும் நிறுவனம் வேறு என்பதால், புகார் கொடுக்கும்போது “சிவப்பு எல்ஓஎஸ்” என்ற ஒரு சொல் இரண்டு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும். அவர்கள் இவர்களைக் கை காட்ட, இவர்கள் அவர்களைக் கை காட்ட என்று ஆடும் ஆட்டம் அங்கே நின்றுவிடும்.

நடுத்தரமான வியாதிதான் பிடிபடாதது: போகவும் இல்லை, ஒழுங்காக இருக்கவும் இல்லை. மழை பெய்தால் அறுந்து அறுந்து வரும். அப்போது கேட்க வேண்டியது வந்து சேரும் ஒளியின் அளவு. டிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள், எப்போதும் மைனஸில் இருக்கும். மைனஸ் 15-இலிருந்து 25 வரை நிம்மதி. மைனஸ் 27-ஐத் தாண்டினால் பெட்டிக்குக் கண் தெரியாது. மூன்று கூடினால் வெளிச்சம் பாதியாகிறது என்று அர்த்தம். ஆகவே மைனஸ் 22-ஆக இருந்தது 25 ஆகியிருக்கிறது என்றால் எங்கேயோ பாதி வெளிச்சம் ஒழுகுகிறது. தூரம் இதில் பெரிய குற்றவாளி இல்லை. ஐந்து கிலோமீட்டர் இழை தின்பது இரண்டுக்கும் குறைவு. அதை விட அதிகமாகத் தின்பது சோபாவுக்குப் பின்னால் மடங்கிக் கிடக்கும் மெல்லிய மஞ்சள் வயர், தூசி படிந்த முனை. பச்சை முனை கொஞ்சம் சாய்த்துத் தீட்டப்பட்டது, நீல முனை நேராகத் தீட்டப்பட்டது. பச்சை இருக்க வேண்டிய இடத்தில் நீலத்தைச் செருகினாலும் வெளிச்சம் வீணாகும். முனையை விரலால் தொடக் கூடாது, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் ஆபத்து. நம்மூர்ப் பக்கம் இழை பெரும்பாலும் கம்பத்தில் தொங்குகிறது. உயரமான லாரி ஒன்று, காற்றில் ஆடும் மாங்கிளை ஒன்று, கயிறு என்று நினைத்து ஊஞ்சலாடும் குரங்குக் கூட்டம் ஒன்று, எது வந்தாலும் போதும்.

நூறு எம்பிபிஎஸ்ஸும் ஒரு ழகரமும்

வேகம்தான் விளம்பரத்தில் வரும். நம்பகம் வராது, ஏனென்றால் அதைப் பெரிய எழுத்தில் போட முடியாது. ஆனால் வீட்டில் சண்டை வருவது வேகத்தால் இல்லை. நல்ல தரத்தில் ஒரு படத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும், வீடியோ வகுப்புக்கு மூன்று நான்கு போதும். 25 எம்பிபிஎஸ் லைனே நான்கு பேர் வீட்டுக்குத் தாராளம். அப்படியிருந்தும் 100 வாங்கிய வீட்டில் பிள்ளையின் வகுப்பு திக்குகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது மேலேறும் வழியை (அப்லோடு). ஆயா ஒரு கல்யாணத்தில் எடுத்த அறுநூறு போட்டோவைப் போன் சத்தமில்லாமல் மேகத்துக்கு (கிளவுட்) ஏற்றிக்கொண்டிருக்கும். மேலேறும் வழி நிரம்பினால் கீழிறங்கும் வழியும் தடுமாறும். போட்டோ ஏற்றத்தை ராத்திரிக்கு மட்டும் என்று அமைத்துவிட்டால் பாதி வீட்டில் குறை தீர்ந்தது.

சனிக்கிழமை காலைத் தமிழ் வகுப்பில் இதைக் கண்ணாலும் காதாலும் பார்க்கலாம். 2020 மார்ச் 27-இல் ஊரடங்கு வந்தபோது திரைக்குப் போன வகுப்புகள் சில அங்கேயே தங்கிவிட்டன; ஆசிரியை தமிழ்நாட்டில், பிள்ளைகள் டோங்காட்டிலும் லெனேசியாவிலும். “மழை” என்கிறார் ஆசிரியை. வழியில் ஒலித் தரவின் ஒரு சின்னப் பொட்டலம் தொலைகிறது. தொலைந்த இடத்தை மென்பொருள் முன்னால் வந்த ஒலியை இழுத்து ஒட்டி மூடுகிறது. பிள்ளை காதுக்கு “மலை” என்றோ “மளை” என்றோ விழுகிறது, அதையே திருப்பிச் சொல்கிறது. வீட்டில் தமிழ் பேச்சு குறைந்துபோன நாட்டில் அந்த ழகரத்தைத் திருத்த வேறு காது கிடையாது. படம் மங்கினால் பரவாயில்லை. ஒலி சீராக வர வேண்டும். கேமராவை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் வைத்துக்கொண்டாலும் லைன் லேசாகும்.

வீட்டுக்குள் இருக்கும் குறையைப் பிடிக்க ஒரு குறுக்கு வழி. வயரில் மாட்டிய லேப்டாப்பில் வேகச் சோதனை செய்யுங்கள். 200 வாங்கியிருக்கிறீர்கள், சோதனை ஒவ்வொரு முறையும் 94-இலேயே நிற்கிறது என்றால் நிறுவனத்தைத் திட்ட வேண்டாம், வயரைப் பாருங்கள். ஆயிரம் எம்பிபிஎஸ் ஓட எட்டுக் கம்பியும் வேண்டும், ஒன்று நசுங்கினாலும் பழைய நூறுக்கு இறங்கிவிடும், அதன் உச்சி 94. வயரில் சரியாக வந்து போனில் மட்டும் குறைந்தால் குறை வைஃபையில். சிமென்ட் பிளாக் சுவர் இரண்டைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் போவது கஷ்டம். 2.4 தாண்டும், ஆனால் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் அதே சந்தில் கத்திக்கொண்டிருப்பார்கள்; 1, 6, 11 என்ற மூன்று சேனல்களில் காலியாக இருப்பதைப் பிடித்துக் கட்டிவிட வேண்டும். பின்கட்டு வாடகை வீட்டுக்கு ஒரு கேட்-6 வயரை இழுத்து இரண்டாவது பெட்டி வைப்பது, விலை உயர்ந்த ரூட்டர் வாங்குவதை விட மலிவு, நிம்மதியும் கூட. வயர் நூறு மீட்டர் வரை தாங்கும். கோடைப் புயலில் மின்னல் அடித்தால் கண்ணாடி இழை வழியாக எதுவும் வராது. வெளிச்சுவர்க் கேமராவிலிருந்து வரும் செம்பு வயர் வழியாக வரும்.

சில்லறையில் வாங்குவோர்

ஃபைபர் இல்லாத வீட்டுக்கும் இணையம் உண்டு, போனில். நாட்டின் பெரும்பாலான வீடுகளுக்கு அதுதான் உண்டு. போட்டி ஆணையம் 2019 டிசம்பரில் முடித்த டேட்டா விசாரணை இதைத்தான் பட்டவர்த்தனமாகச் சொன்னது: சின்னப் பொட்டலமாக வாங்குகிறவர்தான் ஒவ்வொரு எம்பிக்கும் அதிகம் கொடுக்கிறார், அதாவது விலைமுறையே ஏழைக்கு எதிரானது. அதன் பிறகு 2020 ஏப்ரலில் பெரிய மொபைல் நிறுவனங்கள் மாதப் பொட்டலம் 1 ஜிபியை 149 ரேண்டிலிருந்து 99-க்கு இறக்கின. ஒரு மணி நேர வீடியோ வகுப்பு அரை ஜிபி முதல் ஒரு ஜிபி வரை தின்னும். வாரம் இரண்டு வகுப்பு என்றால் மாதம் நான்கிலிருந்து எட்டு ஜிபி, ஒரு பிள்ளைக்கு மட்டும். வரம்பில்லாத ஃபைபர் வைத்திருக்கும் வீட்டில் இந்தக் கணக்கையே யாரும் போடுவதில்லை. சில டவுன்ஷிப்களில் இப்போது நாளுக்கு ஐந்து ரேண்ட் என்று ஃபைபர் விற்கிறார்கள். தண்ணீரைக் குடத்தில் வாங்குவதற்கும் குழாயில் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரிகிறது. தாத்தா ஆயாக்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை, பாரஃபினைப் பாட்டிலில் வாங்கி எரித்த காலத்தில் அவர்களும் சில்லறையாக வாங்கி நிறையக் கொடுத்தவர்கள்தான்.

கப்பல் வந்த வழி

டர்பனுக்கு வடக்கே முட்டுன்சினியில் ஒரு கடலடிக் கம்பி கரையேறுகிறது. ஸேஃப் என்று பெயர். 2002-இலிருந்து ஓடுகிறது. அது போகும் வழியைப் படத்தில் பார்த்தால் மெய் சிலிர்க்கும்: முட்டுன்சினி, ரீயூனியன், மொரீஷியஸ், கொச்சி, பினாங்கு. 1860 நவம்பர் 16-இல் டர்பனுக்கு வந்த ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போன கடல்வழிகளில் பாதியை இந்த ஒற்றைக் கம்பி தொட்டுவிடுகிறது. அதற்காக உங்கள் வீட்டிலிருந்து சென்னைக்குப் போகும் பேச்சு இதே வழியில்தான் போகும் என்று நினைத்துவிட வேண்டாம். பல நேரம் ஐரோப்பாவைச் சுற்றித்தான் போகிறது, ஏனென்றால் அகலமான புதுக் கம்பிகளும் நிறுவன ஒப்பந்தங்களும் அந்தப் பக்கம். இழையில் ஒவ்வொரு ஆயிரம் கிலோமீட்டருக்கும் போய்வர 10 மில்லிசெகண்ட் ஆகும். சுற்று வழி எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் கழித்துத்தான் “கேக்குதா?” என்ற கேள்விக்குப் பதில் வரும்.

2023 ஆகஸ்ட் 6 அன்று காங்கோ ஆற்று முகத்துக்கு வெளியே கடலடிச் சரிவில் டபிள்யூஏசிஎஸ், ஸாட்-3 என்ற கம்பிகள் இரண்டும் அறுந்தன. கேப் டவுனிலிருந்து ‘லியோன் தெவெனான்’ என்ற பழுதுபார்க்கும் கப்பல் போய்ச் சரிசெய்து முடிக்கச் சுமார் ஒரு மாதம். 2024 மார்ச் 14-இல் ஐவரி கோஸ்ட் பக்கம் ஒரே நாளில் நான்கு. அந்த மே 12-இல் நம் பக்கத்துக் கடலிலேயே ஈஸி, ஸீகாம் என்ற கம்பிகள் இரண்டும். அப்படிப்பட்ட நாட்களில் யூடியூப் ஓடும், ஒரு தமிழ்ப் பத்திரிகைப் பக்கம் மட்டும் திறக்காது. வீட்டில் ரூட்டரைத் தட்டிப் பார்ப்பார்கள். எல்லாரும் பார்க்கும் வீடியோக்களின் நகல் ஜொஹானஸ்பர்க்கிலும் டர்பனிலுமே சேமிப்பில் இருக்கிறது; அதற்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை. நாம் சில ஆயிரம் பேர் மட்டும் படிக்கும் பக்கத்துக்கு இங்கே யார் நகல் வைப்பார்கள்? அது ஒவ்வொரு முறையும் கடலைத் தாண்டியே வர வேண்டும். கம்பி அறுந்தால் முதலில் தள்ளாடுவது தமிழ்தான். அந்த நேரத்தில் செய்ய ஒன்றும் இல்லை, புகாரும் வேண்டாம். சிவப்பு விளக்கு எரியவில்லை, உள்ளூர்ச் சோதனை முழு வேகம் காட்டுகிறது என்றால் கப்பல் போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கடைசியாக ஒரு காகிதம். ஃபைபர் பெட்டிக்குப் பக்கத்து அலமாரிக் கதவின் உள்பக்கம், பெரிய எழுத்தில், ஆயாவும் படிக்கும்படி எழுதி ஒட்ட வேண்டியது: சேவை நிறுவனத்தின் புகார் எண், நம் கணக்கு எண், சுவர்ப் பெட்டியின் அடியில் உள்ள வரிசை எண், நல்ல நாளில் குறித்து வைத்த டிபிஎம் அளவு, பேட்டரி வாங்கிய தேதி, அது தாங்கிய நிமிடம், மீட்டர் எண். அதற்குக் கீழே, இன்னும் மீட்டரில் போடாத ஐம்பது ரேண்ட் டோக்கன் ஒன்று, நான்கு நான்கு இலக்கமாகப் பிரித்து.